காரணம்: சுற்றுலா

ஜூன் 2

பட்டமளிப்பு விழா அழைப்பிதழ் வந்துவிட்டது. ஒருவருக்கு இரண்டு. இருக்கை எண் 217, 218. மாற்ற முடியாது என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது.

ஒன்றை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"மற்றது?"

"பெரியம்மாவுக்கு."

பெரியம்மா கனடாவில் இருக்கிறார். அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

ஜூன் 3

ஒருநாள் நெடுந்தீவுக்குப் போய்வரலாம் என்று இருக்கிறேன். சும்மா. யாழ்ப்பாணத்தில் பிறந்து இருபத்துநாலு வயதாகியும் அந்தக் குதிரைகளைப் பார்க்கவில்லை என்றால் வெட்கம்தான். காலையில் வள்ளம், பின்னேரம் திரும்பலாம். வழிகாட்டி, குழு எதுவும் வேண்டாம். ஒரு வரைபடமும் தண்ணீர்ப் போத்தலும் போதும்.

ஜூன் 4

இணையத்தில் பயணக் குறிப்புகள் நாற்பத்தொன்று வாசித்தேன். தமிழ் படித்ததில் மிஞ்சியது இந்தப் பழக்கம்: எதையும் பாடபேதம் பார்த்து வாசிப்பது. எல்லோரும் ஒரே ஓட்டோக்காரரைப் புகழ்கிறார்கள். 'நேசன் அண்ணை நேரம் தவறாதவர்.' 'நேசன் அண்ணையின் பகிடிகளுக்காகவே போகலாம்.' 'தீவில் சாப்பாட்டுக் கடை கிடைப்பது கடினம், நேசன் அண்ணையின் வீட்டில் முதலே சொல்லிவைத்தால் மனைவி சமைத்துத் தருவார், கணவாய்க் கறியை மறக்கவேண்டாம்.'

இருபத்தெட்டாவது குறிப்பில் ஒரு படம். மேசை, சோறு, கறிகள். படத்தின் ஓரத்தில் பரிமாறுகிற கை ஒன்று. முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த பழைய தழும்பு.

பெரிதாக்கினால் புள்ளிகளாகிவிடுகிறது. திரும்பத் திரும்பப் பெரிதாக்கினேன்.

அது ந. உடைய கை. ந. என் தாய். பெயரைச் சுருக்கி எழுதினால் ஆள் தூரமாகிவிடுவார் என்று பள்ளிக்கூட நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டேன். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வீட்டைவிட்டுப் போனார். தையல் வேலைக்குப் போன இடத்தில் மரியநேசன் என்பவரோடு பழக்கம். அவருடைய தீவுக்கே போய்விட்டார். அதன்பிறகு ஒரு தடவைகூட என்னைப் பார்க்க வரவில்லை.

குதிரைகளைப் பார்க்கத்தான் போகிறேன். இது தற்செயல்.

ஜூன் 6

நேசன் என்பவருக்குப் போன் எடுத்தேன்.

"வியாழக்கிழமை தீவு சுத்திப் பாக்க வாறன்."

"எத்தனை பேர்?"

"ஒராள்."

"பொம்பிளைப் பிள்ளை தனியவோ? பயப்பிடாதேங்கோ. இஞ்ச குதிரை மட்டும்தான் உதைக்கும்." தானே சிரித்தார். "மத்தியானச் சாப்பாடு இப்பவே சொல்லவேணும். கணவாய் போடச் சொல்லட்டோ? எல்லாரும் அதுக்குத்தான் வாறவை."

"கணவாய் வேண்டாம். எனக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தடிக்கும்."

மறுபக்கத்தில் சத்தமில்லை.

"ஹலோ?"

"நிக்கிறன், நிக்கிறன். அப்ப மீன். என்ன பேர்?"

"காயத்திரி," என்றேன். ஏன் அந்தப் பெயர் வந்ததென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த காயத்திரிகள் யாரும் தனியாக எங்கும் போனதில்லை.

"காயத்திரி," என்று அங்கே யாரிடமோ திருப்பிச் சொன்னார்.

ஜூன் 7

தொப்பி வாங்கினேன்.

ஜூன் 9

அப்பா தனியார் மினிபஸ் சங்கமொன்றில் நேரக்காப்பாளர். பஸ் நிலையத்தில் ஒரு மேசை, ஒரு விசில், ஒரு கொப்பி. எந்த பஸ் எப்போது வெளிக்கிடவேண்டும் என்பது அவர் வாயில்.

வியாழக்கிழமை சிநேகிதிகளோடு நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறேன் என்றேன்.

"ஆறரை பஸ்ஸில போ. எட்டு மணி வள்ளம் பிடிக்கலாம். திரும்பி வரேக்க மூண்டு மணிதான் கடைசி. அதை விட்டியெண்டா அடுத்த நாள்."

நயினாதீவுக்கு அடிக்கடி வள்ளம் இருக்கிறது. கடைசி வள்ளம் பற்றி ஏன் சொல்கிறார்? மற்றத் தீவோடு குழம்பிவிட்டார். வயதாகிறது.

ஜூன் 11

பின்னேரம் முழுவதும் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர், தொப்பி, அடையாள அட்டை, கடலில் வயிறு புரட்டிச் சத்தி வந்தால் மோந்துகொள்ளத் தேசிக்காய் ஒன்று. அழைப்பிதழ் 218, மடங்காமல் இருக்கக் கொப்பிக்குள். குதிரைகளுக்கு எதற்கு அழைப்பிதழ் என்று கேட்க யாரும் இல்லை.

நாலாம் தேதி எழுதியது சரியில்லை. ஒரு தடவை வந்தார்.

போய் இரண்டு மாதம் இருக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரம். வாசலில் நின்றார், கையில் ஒரு துணிப் பை. ரீச்சர் என் தோளில் தட்டி, "மயூரதி, அம்மா வந்து நிக்கிறா," என்றார். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த இரண்டு மாதமும் அவர்கள் எனக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும்.

"அது எங்கட அம்மா இல்லை. ஆரெண்டு தெரியாது."

மெதுவாகச் சொல்லவில்லை.

ரீச்சர் வாசலுக்குப் போய் ஏதோ சொன்னார். அவர் போய்விட்டார். பைக்குள் என்ன இருந்தது என்று தெரியாது.

இதைப் பதின்மூன்று வருடத்தில் இப்போதுதான் எழுதுகிறேன்.

ஜூன் 12, வியாழன்

6.35. பஸ். யன்னலோரம். அப்பா வழியனுப்ப வரவில்லை. அவருடைய மேசை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. விசில் ஊதினார். எல்லா பஸ்ஸுக்கும் ஊதுகிற அதே விசில். சிநேகிதிகள் எங்கே என்று கேட்கவில்லை.

7.50. குறிகட்டுவான் இறங்குதுறை. ஏறுமுன் பதிவு: பெயர், அடையாள அட்டை இலக்கம், போகும் காரணம். எனக்கு முன்னால் 'கடமை', 'கடமை', 'வீடு', 'செத்தவீடு'. அட்டையைப் பார்க்கிறார்கள், ஆகவே காயத்திரி என்று எழுத முடியாது. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பின்னால் நின்றவர் இருமினார். 'சுற்றுலா' என்று எழுதினேன்.

8.20. வள்ளத்தின் கீழ்த்தட்டு. வெங்காய மூட்டைகள், காஸ் சிலிண்டர், ஆசிரியைகள். தினமும் போய்வருபவர்கள், ஒவ்வொருவருக்கும் நிரந்தர இடம். நான் யாருடையதோ ஒன்றில் இருந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ரீச்சர் மடியில் கொப்பிகளை வைத்து அலைக்கு ஏற்றபடி சரி போட்டுக்கொண்டிருந்தார்.

"புது ரீச்சரோ?"

"இல்லை. சுத்திப் பாக்க."

"தனியவோ? கூட வர ஆக்கள் இல்லையோ, இல்லாட்டி ஆக்களிட்ட இருந்து ஓடுறீரோ?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "சத்தி வந்தா முதலே சொல்லும். கொப்பியளைத் தள்ளி வைக்கவேணும்."

"ஓம் ரீச்சர்."

"ஆரின்ர ஓட்டோ பேசியிருக்கிறீர்?"

"நேசன் எண்டு ஒராள்."

"நகுலா அக்கான்ர மனுசனோ. அப்ப கவலையில்லை. நல்ல மனுசி. என்ர பிள்ளையளுக்கு அவதான் சட்டை தைக்கிறவ. யாழ்ப்பாணத்தில மூத்த மகள் ஒண்டு இருக்கு அவவுக்கு. வாயைத் திறந்தா அந்தப் பிள்ளையின்ர கதைதான். கம்பஸில முதலாம் வகுப்பு எடுத்ததாம்."

"அப்பிடியோ."

நான் எடுத்தது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. யாரோ பிழையான தகவல் கொடுத்திருக்கிறார்கள். அல்லது அவரே உயர்த்திவிட்டார்.

வட்ட யன்னல் வழியே கடலைப் பார்த்தேன். சத்தி வரவில்லை.

9.25. நெடுந்தீவு. நேசன் அண்ணை பருத்த ஆள். நரைத்த மீசை, நீலச் சேட்டு. வெறுப்பதற்கு வசதியாக எதுவும் முகத்தில் இல்லை.

"காயத்திரி?"

"ஓம்."

"வாங்கோ காயத்திரி. இருங்கோ காயத்திரி." பெயரைக் கொஞ்சம் அதிகமாகவே பாவிக்கிறார் என்று தோன்றியது.

10.10. குதிரைகள். படங்களில் பார்த்ததைவிடச் சிறியவை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்றன. குட்டி ஒன்று வந்து ஓட்டோவின் சக்கரத்தை மோந்து பார்த்தது.

"இதுகளுக்குச் சொந்தக்காரர் இல்லையோ?"

"முந்தி இருந்தவையாம். ஆக்கள் வெளிக்கிட்டுப் போகேக்க அவிட்டு விட்டிட்டுப் போட்டினம் எண்டு கதை." சொன்னவர் அவசரமாகச் சேர்த்தார்: "இப்ப வடிவாத்தான் இருக்குதுகள்."

11.00. பாறையில் ஒரு பெரிய பாதத்தின் தடம், ஏதோ ராட்சதனுடையதாம். ஒற்றைக் கால். மற்றக் காலை எங்கே வைத்தானாம் என்று கேட்டேன்.

"இந்தியாவில எண்டு சொல்லுறவை. நான் போய்ப் பாக்கேல்லை."

சிரித்துவிட்டேன். சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

11.40. பெருக்கு மரம். அடியில் ஆள் நுழையக்கூடிய பொந்து. உள்ளே போய் நின்றேன். வெளியே அவர் யாருடனோ போனில்: "ஓம். ஓம். நல்லாத்தான் இருக்கு. இல்லை, மெலிவில்லை." யாரைப் பற்றியோ.

12.10. மரத்திலிருந்து வெளியே வந்ததும் கேட்டார்: "வீட்டை வந்து இருந்து சாப்பிடுறீங்களோ, பார்சலாக் கொண்டுவரட்டோ? எது எண்டாலும் சரி எண்டு மனுசி சொன்னவ."

"மற்றாக்கள் என்ன செய்யிறவை?"

"எல்லாரும் வீட்டைதான்."

"பார்சல்," என்றேன்.

தலையாட்டினார். கோட்டை இடிபாட்டில் என்னை இறக்கிவிட்டுப் போனார். எதற்காக ஐந்து மணிக்கு எழும்பி இவ்வளவு தூரம் வந்தேன் என்று கோட்டைச் சுவரிடம் கேட்டேன். அது கடலில் எடுத்த பவளக் கல். ஓட்டை ஓட்டையாக இருந்தது.

12.50. சோறு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, விளைமீன் குழம்பு. சுவர் நிழலில் இருந்து சாப்பிட்டேன். நேசன் அண்ணை ஓட்டோவிலேயே இருந்தார்.

மீனில் முள் இல்லை. நடுமுள் மட்டுமல்ல, தலைமயிர் போன்ற சிறுமுட்களும் இல்லை. எல்லாவற்றையும் விரலால் எடுத்துவிட்டு, சதையை மறுபடி துண்டு மாதிரிச் சேர்த்துக் குழம்புக்குள் வைத்திருந்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள் போலும். நல்ல சேவை. பயணக் குறிப்பு எழுதினால் குறிப்பிடவேண்டும்.

கடைசி வாய்வரை தேடிப் பார்த்தேன். ஒரு முள்கூட இல்லை.

1.30. கை கழுவிவிட்டு அவரிடம் போனேன்.

"எல்லாருக்கும் முள் எடுத்தோ குடுக்கிறவ?"

அவர் ஸ்ரியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட சின்னவளுக்கே எடுக்கிறதில்லை. நாலாம் வகுப்பு. உனக்குக் கை இல்லையோ எண்டு ஏச்சு."

சாப்பிட்ட பார்சல் தாளை நாலாக மடித்தேன்.

"நீங்கள் போன் எடுத்த அண்டைக்கு ஸ்பீக்கர்ல கிடந்தது. கணவாய் தடிக்கும் எண்டு சொன்னீங்கள். தைச்சுக்கொண்டிருந்தவ மெசினை நிப்பாட்டிப்போட்டா."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"காயத்திரி எண்டு வாற பிள்ளை காயத்திரியாவே வந்திட்டுப் போகட்டும், நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டா. நான் காலமையில இருந்து படுற பாடு!" முகத்தைச் சேட்டுக் கையால் துடைத்தார். "நேரம் ஒண்டரை. வள்ளம் மூண்டு மணிக்கு. இடையில இன்னும் புறாக்கூடு ஒண்டு கிடக்கு பாக்க. என்ன சொல்லுறீங்கள்?"

"புறாக்கூடு வேண்டாம்."

3.15. வள்ளத்தில். எழுத்துச் சரியில்லை. கடல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்வேலி, ஒரு வேம்பு, விறாந்தையில் தையல் மெசின். ந. வாசலில் நிற்கவில்லை. கிணற்றடியில், கழுவிய சட்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். நேசன் அண்ணை, "எஞ்சின் சூடாக் கிடக்கு, பாக்கவேணும்," என்று வெளியே ஒழுங்கைக்குப் போனார். எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. சின்னவளை மாமி வீட்டில் விட்டிருந்தார்களாம். நான் வருவதை அவளுக்குச் சொல்லவில்லை: யாழ்ப்பாணத்தில் ஒரு அக்கா இருக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

நிமிர்ந்தார். என்னைவிடக் கட்டையாக இருந்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"சாப்பாடு காணுமோ, போதாதோ?"

"காணும்."

"உறைப்போ?"

"இல்லை."

"வெயிலுக்கை தொப்பி இல்லாமலோ சுத்தினனீ?"

"கிடக்கு. பைக்குள்ள."

"பைக்கோ வெயில் படுகுது?"

கிணற்று வாளியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோழி வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போனது. பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் மொழி படித்தேன்.

"பள்ளிக்கூடத்தடியில அண்டைக்கு," என்றேன்.

"எண்டைக்கு?"

"நீங்கள் வந்த அண்டைக்கு. ஆரெண்டு தெரியாது எண்டு சொன்னனான்."

சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "அப்பிடியோ சொன்னனீ? எனக்குக் கேக்கேல்லை. ரோட்டில ஒரே பஸ் சத்தம்."

எங்கள் பள்ளிக்கூட வாசல் ஒரு முட்டு ஒழுங்கையில் இருக்கிறது. அதற்குள் பஸ் வராது.

அழைப்பிதழை எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஓரத்தில் பிடித்தார்.

"அவரும் வருவாரோ?"

"ஓம். பக்கத்துக் கதிரை."

"கதிரையை மாத்தேலாதோ?"

"ஏலாது."

"பதின்மூண்டு வருசத்தில அவர் என்னைப்பற்றி ஆரிட்டையும் ஒரு சொல் குறைவாச் சொன்னதில்லையாம். சனம் வந்து சொல்லும். அதுதான் மயூ, பயம். ஏசித் திரிஞ்சிருந்தா எப்பவோ வந்திருப்பன்."

வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒழுங்கையில் ஹோர்ன் அடித்தது. "வள்ளம் விட்டிடும், போ, போ," என்று கலைப்பதுபோலச் சொன்னார். கை மட்டும் என் பையின் வாரைப் பிடித்தபடி இருந்தது. இரண்டாம் ஹோர்னுக்குத்தான் விட்டார்.

ஜூன் 13

நயினாதீவில் கூட்டமோ என்று அப்பா கேட்டார். பரவாயில்லை என்றேன்.

ஜூன் 14

காலையில் அப்பா முகம் வழித்துக்கொண்டிருந்தார். முகத்தில் பாதி நுரை. திரும்ப முடியாத நேரம் என்று பார்த்துச் சொன்னேன்.

"அப்பா, 218 பெரியம்மாவுக்கு இல்லை."

"தெரியும். பெரியம்மா கனடாவில இருந்து நெடுந்தீவு வழியாலயோ வாறவ?"

பிளேடு கன்னத்தில் நின்றுவிட்டது.

"உங்களுக்கு எப்பிடி..."

"ஆறரை பஸ்ஸில போய் அஞ்சரை பஸ்ஸில வந்தாய். நயினாதீவுக்குப் போற சனம் ரெண்டு மணிக்கே திரும்பியிடும்." மற்றப் பக்கத்தை வழித்தார். தண்ணீரை ஊற்றிக் கழுவினார். "பக்கத்துக் கதிரையோ?"

"ஓம்."

துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இன்று வேறு ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 15

இன்றும்.

ஜூன் 16

"உங்களுக்கு விருப்பமில்லையெண்டா அந்த அழைப்பிதழை நான் திருப்பி வாங்குறன் அப்பா."

"குடுத்ததை வாங்குறதோ? என்ன பழக்கம் அது?" சற்றுப் பொறுத்து: "ஆர் வந்தாலும் நான் வருவன். மற்றது என்ர அலுவல் இல்லை."

அவருக்கு நான் செய்தது சரியா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் காலை நாலரைக்கு எழும்பி எனக்குத் தலை பின்னப் பழகியவர். முதல் ஒரு மாதம் பின்னல் பள்ளிக்கூட வாசலுக்குள்ளேயே அவிழ்ந்துவிடும். இரண்டாம் மாதம் நின்றது. அந்தப் பின்னலோடுதான் நான் அன்று கத்தினேன்.

யாரைக் காப்பாற்றக் கத்தினேன் என்று இன்றுவரை தெளிவில்லை.

ஜூன் 19

தீவிலிருந்து செய்தி இல்லை. சோழகக் காற்றுத் தொடங்கிவிட்டது, இனிக் கடல் ஆட்டம்தான்.

ஜூன் 21

அப்பா நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பஸ் நிலையத்தில் எழுதுகிற அதே அச்சு எழுத்து.

நெடுந்தீவு 7.00
குறிகட்டுவான் 8.10
பஸ் 8.20
யாழ்ப்பாணம் 9.40
மண்டபம் 9.55
அமர்வு 10.30

கீழே: 'ஒன்று தவறினால் மற்றதும் தவறும்.'

"அனுப்பு," என்றார்.

"ஆருக்கு?"

"உன்ர ஓட்டோக்காரனுக்கு. சும்மா நேரம்தானே. ஆருக்கும் எழுதிக் குடுக்கிறனான்."

படம் எடுத்து நேசன் அண்ணைக்கு அனுப்பினேன். பதில் ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது: 'நேரக்காப்பாளருக்கு நன்றி. வருவதுபற்றி இங்கே பேச்சில்லை. ஆனால் புதுச் சட்டை ஒன்று தைக்கப்படுகிறது. சின்னவளுக்கு அளவு பெரிது. எனக்குச் சிறிது.'

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று உறுதியில்லை.

ஜூன் 25

அப்பா தன் சேட்டைத் தானே இஸ்திரி போட்டார். பிறகு மறுபடி போட்டார்.

ஜூன் 27, வெள்ளி

பின்னேரம் எழுதுகிறேன்.

விடியவே காற்று. வேம்பின் கொப்புகள் கூரையில் அடித்துக்கொண்டிருந்தன. அப்பா முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார், நேரம் பிந்தி வந்த பஸ்ஸைப் பார்ப்பதுபோல.

எட்டு மணிக்கு மண்டபத்தடிக்குப் போய்விட்டோம். 8.15க்கு நேசன் அண்ணையிடமிருந்து செய்தி: 'கடல் கடும் ஆட்டம். வள்ளம் ஏழரைக்குத்தான் வெளிக்கிட்டது. ஏறினவ.'

ஏறினவ. ஏறிவிட்டார் என்ற அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி வாசித்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்தார். அப்பா வேலை இடத்தில் எப்படிப் பேசுவார் என்று இன்றுதான் கேட்டேன்.

"டேய் நிரூசன், குறிகட்டுவான்லயோ நிக்கிறாய்? பஸ்ஸை எடுக்காதை. வள்ளம் வரட்டும். தெரியும் எட்டு இருவது எண்டு, அந்த நேரத்தை எழுதினதே நான்தான். சனம் கத்தினா நான் சொன்னதெண்டு சொல்லு. இல்லை, மந்திரியும் இல்லை, ஒருத்தரும் இல்லை..." கொஞ்சம் நிறுத்தினார். வாசலில் நின்ற இரண்டு தகப்பன்மார் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். குரலைக் குறைக்கவில்லை. "என்ர பிள்ளையின்ர தாய் வாறா. வச்சிரு பஸ்ஸை."

பதினேழு வருட வேலையில் ஒரு பஸ்ஸையும் அவர் பிந்தவிட்டதில்லை.

அதற்குள் எங்களை அங்கி போட உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். போன் அப்பாவிடம். அதன்பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. சூடான அங்கி. வரிசை. முன்னால் நின்றவள் கொண்டையூசி கேட்டாள். இல்லை என்றேன். தலையில் மூன்று இருந்தன.

என் பெயர் வாசிக்கப்பட்டபோது பதினொன்று பத்து. மேடையில் வெளிச்சம் கண்ணில் அடித்தது. மண்டபத்தில் முகங்கள் இல்லை, இருட்டு மட்டும். அந்த இருட்டின் நடுவில் இரண்டு தலைகள் மற்றவற்றைவிட உயரமாகத் தெரிந்தன. அங்கே ஏதோ சலசலப்பு. யாரோ இடத்துக்குச் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மற்றப் பக்கப் படியால் இறங்கினேன்.

வெளியே மரத்தடியில் இருவரும் நின்றார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கக்கூடிய இடைவெளி. அம்மாவின் சட்டை கத்தரிப்பூ நிறம், சேலையின் கீழ்ப்பாதி உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. என் கன்னத்தைத் தொடப் போனவர் அங்கியின் மடிப்பைச் சரிசெய்தார். "தையல் சரியில்லை, தோள்பட்டை இழுக்குது," என்றார். படக்காரன் கிட்ட வாங்கோ, இன்னும் கிட்ட வாங்கோ என்று கையாட்டினான். இடைவெளியில் நான் நின்றேன். ஒன்றரை பஸ்ஸுக்குப் போக அம்மாவுக்கு அப்பாதான் ஓட்டோ பிடித்துக் கொடுத்தார்.

இப்போது வீட்டில். அப்பா சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கதிரையில் இருக்கிறார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ரெண்டு பேரும் என்ன கதைச்சனீங்கள்?"

"ஒண்டும் கதைக்கேல்லை."

"ஒண்டுமேயோ?"

"வள்ளம் கடும் ஆட்டமோ எண்டு கேட்டன். ஓம் எண்டா. அவ்வளவுதான்." ஒரு மிடறு குடித்தார். "பேந்து உன்ர பேர் வாசிச்சாங்கள். உடன எழும்பி நிண்டிட்டா. எல்லாரும் இருக்கினம், இவ மட்டும் நிக்கிறா. பின்னுக்கு இருந்த மனுசி இருங்கோ, மறைக்குது, இருங்கோ எண்டு ஏசத் தொடங்கிட்டுது. இவவுக்குக் கேக்கேல்லை."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நானும் எழும்பினன்."

"ஏன் அப்பா?"

கோப்பையைக் கீழே வைத்தார்.

"தனிய ஏச்சு வாங்க விட ஏலுமே?"